கண்ணாடியில் தொடங்கும் கல்



காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, முதலில் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றுவார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த பொடி, அதற்கும் மேலே ஈரக்கலவை. நம் கால் படும் பூமுகம் முதலில் உருவாகிறது. அடிப்பாகம் கடைசியில் வருகிறது. நிரல் எழுதுவதிலும் வரிசை என்பது இப்படி மாறக்கூடியதுதான். பைத்தானும் ஜாவாவும் மட்டுமே பழகியவருக்கு 'இஃப்' என்ற சொல் நிபந்தனைக்கு முன்னால் நிற்பது இயற்கை விதி போலத் தோன்றும். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியிலோ நிபந்தனை முதலில், சொல் பிறகு: @( மதிப்பெண் >= 40 ) ஆனால். 'மழை பெய்தால்' என்று நாம் பேசும் அதே வரிசை. ஃபோர்த் மொழியில் கூட்டலே 2 3 + என்றுதான் எழுதப்படும். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு, எது கணினியின் தேவை, எது மொழியை வடிவமைத்தவரின் விருப்பம் என்று பிரித்துப் பார்க்கும் கண் வந்துவிடும். எழில், பைத்தானில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள். அதன் மூலநிரலைத் திறந்து, நாம் தட்டும் வரி சொற்களாக உடைந்து, மரமாக அடுக்கப்பட்டு, அதன் பிறகே இயங்குவதைப் படித்துப் பாருங்கள். மறுநாள் அலுவலகத்தில் வரும் பிழைச்செய்தி எந்தக் கட்டத்தில் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

நேர்காணலில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள் என்பீர்கள். பெரும்பாலும் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் நீங்கள் தினமும் எழுதும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் ஹாஸ்கெல் என்ற மொழியைப் பார்த்துப் பைத்தானுக்கு வந்தது, 2000-இல். லிஸ்ப் 1958-இல் தொடங்கிய மொழி. அதில் வேரூன்றிய லாம்ப்டா ஜாவாவுக்கு வந்து சேர 2014 ஆயிற்று. ஓரத்து மொழி என்று ஒதுக்கியவை, காலம் கடந்து, சோறு போடும் மொழிக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஊற்றை முன்பே அறிந்தவர் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஹாஸ்கெல் படித்த உற்சாகத்தில் ஒருவர் ஜாவாவைப் புதிராக எழுதினால், கூட வேலை செய்பவர்கள்தான் திண்டாடுவார்கள். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அங்கே கற்ற நடையை இங்கே திணிக்காதீர்கள். அங்கே வந்த எச்சரிக்கையை மட்டும் கொண்டு வாருங்கள். ஹாஸ்கெல்லில் ஒருமுறை கொடுத்த மதிப்பு மாறாது. அந்தப் பழக்கத்தில் சில மாதம் இருந்தவர், பைத்தானில் தன் கைக்கு வந்த பட்டியலை அங்கேயே திருத்தமாட்டார். புதிய பட்டியல் ஒன்றைத் திருப்பித் தருவார். அந்த வரியில் ஹாஸ்கெல்லின் சாயல் எதுவும் தெரியாது. அந்தப் பட்டியலையே நம்பியிருக்கும் இன்னொரு நிரல்பாகத்தில் மட்டும், வந்திருக்க வேண்டிய பிழை ஒன்று வராமல் போயிருக்கும்.