விருந்தினர் இல்லமும் துப்புரவுக் கூலியும்

ஒரு பொருளை ஆக்குவதற்கு வேண்டிய செலவு வேறு, அதனைத் துப்புரவாக வைத்திருப்பதற்கு வேண்டிய செலவு வேறு என்பதை ஒலுவில் துறைமுகத்தைக் கண்டவர்கள் எளிதில் உணர்வர். டென்மார்க் நாட்டின் கடனுதவியுடன் கட்டப்பெற்று 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயிலைக் கடல் கொண்டுவந்த மணல் மூடலாயிற்று. அள்ள அள்ள மணல் மீண்டும் வந்து சேர்ந்தது. மீன்பிடிப் படகுகள் உட்புகவும் வெளிச்செல்லவும் இடர்ப்பட்டன. அள்ளும் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு ஆண்டுக் கணக்கில் நீண்டது.

துறைமுகத்தின் கதை பெரியது. அதே கரையில், அதே மணலைப் பற்றிய சிறிய கதை ஒன்றும் உண்டு. விருந்தினர் ஒரு வீட்டில் தங்கிச் செல்கின்றனர். அவர்கள் காலில் ஒட்டிவந்த மணல் கட்டிலிலும் குளியலறையிலும் கிடக்கின்றது. அடுத்த விருந்தினர் வருமுன் அதனை அள்ளிக் கழுவித் துடைப்பவளுக்கு என்ன கொடுப்பது? இக்கேள்விக்குக் கரையோரத்தில் இன்னும் ஒழுங்கான விடை பிறக்கவில்லை.

ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை அண்டி வாடகை அறைகளும் வீடுகளும் பெருகின. எனினும் நாள்தோறும் ஆள் மாறும் விருந்தினர் இல்லங்களைக் காண வேண்டுமாயின் தெற்கே செல்ல வேண்டும். அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி ஆகிய ஊர்களைக் கடந்து பொத்துவிலை அடைந்தால், அதன் அருகே உல்லை எனப்படும் அறுகம்குடா இருக்கின்றது. அலைச் சறுக்கு விளையாட்டுக்காக உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கே கூடுகின்றனர். சித்திரை கழிந்து வைகாசி பிறக்கும்போது தொடங்கும் பருவம் புரட்டாசி, ஐப்பசி வரை நீளும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதியின் ஆழிப்பேரலை அக்கரையைத் துடைத்துச் சென்ற பின்னரும் விடுதிகள் மீண்டும் எழுந்தன. பெரிய விடுதிகள் மட்டுமல்ல. வீட்டின் ஒரு பகுதியை ஒதுக்கி வாடகைக்கு விடும் குடும்பங்களும், வளவுக்குள் இரண்டு மூன்று கபானாக்களைக் கட்டி விருந்தினரை ஏற்போரும் அங்கே உளர்.

இச்சிறிய இல்லங்களில் கூலி எவ்வாறு பேசப்படுகின்றது? உண்மையில் அது பேசப்படுவதே இல்லை. வீட்டுக்காரர், "ராத்தா, நாளைக்கு ஆக்கள் வாறாங்க, வந்து கொஞ்சம் துப்புரவாக்கித் தாங்க" என்பார். அவளும், "சரி காக்கா, நீங்க பாத்துத் தாங்க" என்பாள். ராத்தா என்றும் காக்கா என்றும் அழைத்துக்கொள்ளும் இடத்தில் விலை பேசுவது முறையன்று என இருவருமே எண்ணுகின்றனர். அந்த உறவுமுறை அழகியது. அதனை இழக்க வேண்டியதில்லை. ஆயினும் "பாத்துத் தாங்க" என்னும் இரண்டு சொற்களுக்குள் ஓர் ஏழைப் பெண்ணின் பருவகால வருமானம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது என்பதை மறத்தலாகாது. பார்த்துக் கொடுப்பவர் நல்ல மனநிலையில் இருந்தால் ஒரு தொகை. விருந்தினர் வாடகையைக் குறைத்துவிட்டுச் சென்ற நாளாயின் வேறு தொகை. கூலியாளை அமர்த்துமுன் கூலியை அறிவிக்க வேண்டும் என்பது இஸ்லாமிய வாணிப நெறியில் தொன்றுதொட்டு வரும் விதி. பள்ளிவாசலுக்கு அண்மையில் வாழ்வோருக்கு இதனை எடுத்துக் கூற வேண்டிய தேவையில்லை.

வயல் வேலையில் இக்கரையார் இவ்வாறு நடப்பதில்லை. போடியாரும் முல்லைக்காரரும் கணக்கை முன்னரே பேசி முடித்தனர். நிமிர்ந்து நிற்கும் வேளாண்மையை வெட்டுவதற்கு ஒரு கூலி. மழையில் சாய்ந்து சேற்றில் படிந்த வேளாண்மைக்கு அதனிலும் கூடுதலான கூலி. ஏக்கர் ஒன்றுதான், உழைப்போ ஒன்றன்று என்பதைப் படிப்பறிவற்ற உழவனும் அறிவான். அதே அறிவை வீட்டுக்குள் கொண்டுவருவதில் மட்டும் தயக்கம் ஏனோ!

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, ஒரு சமையற்கட்டு கொண்ட சிறிய வீடு. படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் களைந்து புதியவற்றை விரிக்க 40 நிமிடம். குளியலறையையும் மலசலகூடத்தையும் தேய்த்துக் கழுவ 40 நிமிடம். சமையற்கட்டும் பாத்திரங்களும் 40 நிமிடம். மணலைக் கூட்டி அள்ளி, தரையைத் துடைக்க 45 நிமிடம். விறாந்தையும் குப்பையும் 15 நிமிடம். ஆக மூன்று மணித்தியாலம். துணி துவைப்பது இதில் அடங்காது.

இலங்கையின் தேசிய குறைந்தபட்ச வேதனம் 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏற்பட்டது. 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2026 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து அது மாதத்துக்கு 30,000 ரூபாய், நாளொன்றுக்கு 1,200 ரூபாய் ஆயிற்று. எட்டு மணித்தியாலத்துக்கு 1,200 எனின் மணிக்கு 150. மூன்று மணிக்கு 450 ரூபாய். வீட்டுக்காரர் 500 ரூபாயை நீட்டிச் சட்டத்துக்கு மேலேயே கொடுத்துவிட்டதாக மகிழ்ந்துகொள்ளலாம்.

கணக்கு சரி, கூலி பிழை. ஏனெனில் இத்தொழிலின் நேரம் மற்றைத் தொழில்களின் நேரத்தைப் போன்றதன்று. பழைய விருந்தினர் முற்பகல் பதினொரு மணியளவில் வெளியேறுகின்றனர். புதியவர்கள் பிற்பகல் இரண்டு மணியளவில் வந்துவிடுகின்றனர். ஒரு வீட்டில் மட்டுமல்ல, கரை நெடுகிலும் அதே நேரந்தான். எல்லா வீடுகளுக்கும் அவள் அதே மூன்று மணித்தியாலத்திலேயே தேவைப்படுகின்றாள். ஆகவே ஒரு நாளில் ஒரு வீட்டைத்தான் அவளால் முடிக்க இயலும். புதிய விருந்தினர் அன்றே வராத வேறொரு வீடு கிடைத்தால் இரண்டாவதையும் பார்ப்பாள். எஞ்சிய நேரத்தை விற்க அவளுக்குச் சந்தை இல்லை. காலையில் வேறு வேலைக்குப் போனால் பதினொரு மணிக்கு வர முடியாது. மாலையில் போவதற்கு வேலையே இராது. வீட்டுக்காரர் வாங்குவது மூன்று மணித்தியாலமாகத் தோன்றலாம். அவள் கொடுப்பது ஒரு நாள். நியாயமான விலை என்பது வீடு அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நாளின் விலையே அன்றி, துடைப்பத்தைப் பிடித்திருந்த நேரத்தின் விலை அன்று.

மேலும், 1,200 ரூபாய் என்பது சட்டம் போட்ட அடித்தளம். அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதே அதன் பொருள். மேசனுக்குக் கைவேலை செய்யும் ஆண்மகன் அத்தொகைக்கு வருவானா என்று கேட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு நாட்கூலியை 2,400 ரூபாய் என இருவரும் பேசிக்கொண்டதாக வைப்போம். அன்று இரண்டு வீடு கிடைக்குமாயின் வீடொன்றுக்கு 1,200. ஒரே வீடு மட்டும் எனின் 1,500க்குக் குறையாத ஒரு தொகை. முச்சக்கரவண்டிக் கட்டணம் வேறு. சவர்க்காரம், கிருமிநாசினி, தும்புத்தடி ஆகியவற்றை வீட்டுக்காரரே வாங்கி வைத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சவர்க்காரத்தின் விலை ஏறியபோது, பொருட்செலவைக் கூலிக்குள் அடக்கிப் பேசியிருந்தவளின் கூலியே கரைந்திருக்கும். துணி துவைப்பதை உருப்படிக் கணக்கில் தனியாகப் பேசுவது நன்று. விருந்தினர் கூத்தாடிவிட்டுப் போன வீடு சாய்ந்த வேளாண்மை போன்றது. அதற்கு மேலதிகக் கூலி உண்டு என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் சிறிய வீட்டுக்காரர் தாங்குவாரா? இது நியாயமான கேள்வி. அவரும் செல்வந்தர் அல்லர். இரவொன்றுக்கு 6,000 ரூபாய் வாடகை பெறும் வீட்டில் விருந்தினர் ஓர் இரவு மட்டும் தங்கினால் 1,500 ரூபாய்த் துப்புரவுக் கூலி வருவாயின் நாலிலொரு பங்கை விழுங்கிவிடும். அவரே ஐந்து இரவு தங்கினால் 30,000 ரூபாயில் அது நூற்றுக்கு ஐந்து வீதமே. எனவே சுமை கூலியில் இல்லை; ஓரிரவு விருந்தினரில் இருக்கின்றது. இரண்டு மூன்று இரவுக்குக் குறையாமல் தங்குவோரையே ஏற்பது ஒரு வழி. துப்புரவுக் கட்டணத்தை வாடகையோடு சேர்த்து விருந்தினரிடம் பெறுவது மற்றொரு வழி. ஏர்பிஎன்பி முதலிய பதிவுத் தளங்கள் இக்கட்டணத்தைத் தனியாக விதிக்க இடமளிக்கின்றன. அவ்வாறு துப்புரவின் பேரால் விருந்தினரிடம் வாங்கிய பணத்தில் பாதியை மட்டும் துப்புரவு செய்தவளுக்குக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வதற்கு என்ன பெயர் என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்வார்களாக.

அறைக்கு இவ்வளவு என்று மட்டும் விலை வைத்தால் என்ன நேரும் என்பதற்கு ஸ்பெயின் தேசம் சான்று. அங்கே விடுதிகள் துப்புரவு வேலையை வெளி நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டன. அறைக் கணக்கில் இரண்டு மூன்று யூரோ பெற்று ஓடி ஓடி உழைத்த பெண்கள், துப்புரவு செய்வோர் என்னும் பொருள்படும் 'லாஸ் கெல்லிஸ்' என்ற பெயரில் ஒன்றுதிரண்டனர். குத்தகை நிறுவனத்தில் வேலை செய்வோருக்கும் அத்தொழிற்றுறையின் கூட்டு ஒப்பந்தச் சம்பளம் உரியது எனச் சட்டம் திருந்துவதற்கு 2021ஆம் ஆண்டு முடிவு வரை காத்திருக்க நேர்ந்தது.

இலங்கையிலும் ஓர் இடைவெளி இருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது வீட்டு வேலையாளர் அதன் எல்லைக்கு வெளியே விடப்பட்டனர். விருந்தினர் இல்லத்தைக் கூட்டுபவள் வீட்டு வேலைக்காரி என்று வாதிப்போர் இருக்கலாம். அயலார் பணம் கொடுத்துத் தங்கும் வீடு வீடன்று, தொழில் நடக்கும் இடம். அங்கே பருவம் முழுவதும் தொடர்ந்து பணிபுரிபவளை நாட்கூலி என்று சொல்லித் தட்டிக் கழிப்பதும் பொருந்தாது. தொழில் வழங்குநர் நூற்றுக்கு 12, தொழிலாளர் நூற்றுக்கு 8 எனச் செலுத்தும் ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று.

இன்னும் ஒன்று. வாடைக்காற்று தொடங்கியதும் கரையோர வீடுகள் பூட்டப்படுகின்றன. மாதக்கணக்கில் உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து மெத்தையில் பூஞ்சணம் பிடித்து, யன்னல் கொழுக்கி துருவேறி, ஓட்டிடையில் வௌவால் குடியேறியிருக்கும். சித்திரையில் பூட்டைத் திறந்து அவளைத்தான் அழைப்பர். அது இரண்டு மூன்று நாள் வேலை. அதற்கும் ஒரு தடவைக் கூலியையே கொடுத்தனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. எத்தனை நாள் செல்கின்றதோ அத்தனை நாட்கூலி எனப் பூட்டைத் திறக்குமுன்னரே வாசலில் நின்று பேசிக்கொள்ள வேண்டிய வேலை அது.