நான்கு மடை, ஒரே ஆள்



தாமிரபரணிக் கரையில் பிறந்தோர்க்கு மடையைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை. பொதிகையில் தோன்றிப் பாபநாசத்தில் இறங்கும் நீர், கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளால் கால்களிற் பிரிந்து, குளங்களை நிறைத்து, மடை வழியே வயலை அடைகிறது. ஒரு குளத்திற்கு நான்கு மடைகள் இருக்க, திறப்பவர் ஒருவரே என்று கொள்வோம். ஒன்றைச் சிறிது நேரம் திறந்து, அடைத்துவிட்டு, அடுத்ததற்கு ஓடுவார். நான்கு வயலிலும் நீர் பாயத்தான் செய்யும். ஆயினும் எந்த நொடியிலும் ஓடுவது ஒரு மடையே.

ஒரு கணிப்பொறிக்குள் மற்றொரு கணிப்பொறியை நடித்துக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. அவற்றுள் பெயர் பெற்றது கியூஎமு. பிரான்சு நாட்டவரான ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்டது. ஒருவகைச் செயலிக்கென எழுதப்பட்ட கட்டளைகளை, நம் மேசைமேலுள்ள வேறுவகைச் செயலியின் மொழியிற் பெயர்த்து அது நடத்தும். ஒருமுறை பெயர்த்த பகுதியைச் சேமித்து மறுமுறையும் பயன்படுத்தும். ஆண்டுதோறும் பழைய குறிப்பேட்டையே எடுத்து வரும் ஆசிரியரைப் போல என்க. நானும் அவ்வாறு செய்தவனே.

நமக்கு இஃது எதற்கு என்பீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘சக்தி’ செயலியின் சில்லு 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில் சி-டாக் நிறுவனம் ‘வேகா’ செயலிகளை வடித்தது. இரண்டும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியைத் தழுவியவை. 2010இல் பெர்க்லியில் தோன்றிய அதனை உரிமத் தொகையின்றி எவரும் கையாளலாம். சில்லு கைக்கு எட்டாத மாணவன் என் செய்வான்? தன் பழைய மடிக்கணினியில், கியூஎமுவின் துணையால் அதனை நடிக்கச் செய்வான்.

ஆனால் 2017 வரை, நடிக்கப்படும் செயலிக்கு நான்கு உட்கருக்கள் இருப்பினும், பெயர்த்து நடத்தும் இழை ஒன்றே. அதாவது நான்கு மடை, ஒரே ஆள். அவ்வாண்டு ஏப்ரலில் வந்த 2.9ஆம் பதிப்பில், சில செயலி வகைகளுக்கு, உட்கரு ஒவ்வொன்றுக்கும் தனி இழை கிடைத்தது. பின்னர் ரிஸ்க்-ஃபைவுக்கும் அவ்வசதி வாய்த்தது.

நால்வர் வந்ததால் வேகம் நான்கு மடங்காகிவிடுமோ? ஆகாது. பதினாறு மணி நேர வேலையில் நான்கு மணி நேரப் பகுதி பிரிக்க இயலாதது எனின், எஞ்சிய பன்னிரண்டை நால்வர் மூன்றாக்குவர். மொத்தம் ஏழு மணி. இக்கணக்கை 1967இல் ஜீன் அம்டால் எடுத்துரைத்தார். கியூஎமுவிலும் வட்டு முதலிய கருவிகளை அணுகும் இடங்களிற் பெரும்பாலும் ஒரு பொதுப் பூட்டு உண்டு. அங்கே வரிசையில் நின்றாக வேண்டும்.

பொறியியல் பயிலும் என் பெயரன், நான்கு உட்கருக்கள் சேர்ந்து ஒரே கூட்டுத்தொகையை எண்ணும் நிரலை எழுதினான். ஏதோ பழைய குறிப்பைப் பார்த்து ஒற்றை இழை முறையிலேயே ஓட்டினான். மடிக்கணினியின் விசிறி இரவெல்லாம் இரைந்தது, எனக்கும் உறக்கமில்லை. விடை சரியாக வந்தது. பல இழை முறைக்கு மாற்றினான். வேலை வெகு விரைவில் முடிந்தது, விடையோ ஒவ்வொரு முறையும் குறைந்து வந்தது! ஒப்படைக்க இரண்டே நாள். “புது முறைதான் தாத்தா தப்பு” என்று சினந்தான்.

உட்கார்ந்து பார்த்தோம். ஓர் உட்கரு தொகையைப் படித்து, ஒன்று கூட்டி, எழுதுவதற்குள், மற்றொன்றும் அதே பழைய தொகையைப் படித்துவிடுகிறது. இரு கூட்டல்களில் ஒன்று தொலைகிறது. ஒற்றை இழையில் முறைமாற்றம் பெயர்த்த பகுதிகளின் எல்லையிலேயே நிகழும். படித்தல், கூட்டல், எழுதுதல் மூன்றும் ஒரே பகுதிக்குள் அடங்கியதால் பிழை ஒளிந்திருந்தது. உண்மைச் சில்லில் வெளிப்பட்டே இருக்கும். மெதுவான முறை அவனைக் காப்பாற்றவில்லை, ஏமாற்றியது.

மூன்றையும் பிரியாமற் செய்யும் ஒற்றைக் கட்டளை ரிஸ்க்-ஃபைவில் உண்டு. அதனை இட்டான், விடை சரியாயிற்று. சற்று வேகம் குறைந்தது என்று முணுமுணுத்தான். தேர்வாளரிடம் எதைக் காட்டுவது என்று கேட்டான். தவறான விடையை முதலில் காட்டு என்றேன், அவ்வாறே காட்டினான்.