காட்சிப் பொருளா, கதைத் தலைவனா?

இன்று ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேச விழைகிறேன். நான் பார்த்த படமல்ல. பார்க்க விரும்பும் படம். டென்மார்க் நாட்டு இசைவாணர் ஒருவரின் வாழ்க்கைப் படம்.

"எங்கோ இருக்கும் டென்மார்க்கைப் பற்றி நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். 1620-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டி, வாணிகம் நடத்தி, 1845-ஆம் ஆண்டு அந்த ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்களே, அந்த டென்மார்க்தான்! அதே நாடு மேற்கே கரீபியக் கடலில் மூன்று தீவுகளையும் வைத்திருந்தது. தீவெங்கும் கரும்புத் தோட்டம். தோட்டமெங்கும் ஆப்பிரிக்க அடிமைகள். 1848-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்த பிறகே விலங்கு அறுந்தது. விலங்கு அறுந்ததே தவிர, வறுமை அறவில்லை.

அத்தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில் 1898-இல் பிறந்தவர் விக்டர் கொர்னெலின்ஸ். 1905-ஆம் ஆண்டு, கோபன்ஹேகன் நகரத்துக் கேளிக்கைப் பூங்காவான திவோலியில், டென்மார்க்கின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளைப் பற்றிய கண்காட்சி ஒன்று நடந்தது. பொருள்களைக் காட்டினால் போதாதாம்; மக்களையும் காட்ட வேண்டுமாம்! ஏழு வயது விக்டரையும், அவனைவிடச் சிறியவளான ஆல்பர்ட்டா ராபர்ட்ஸ் என்ற சிறுமியையும் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். பையன் ஓரிடத்தில் நில்லாமல் ஓடித் திரிந்தான். உடனே இருவரையும் கூண்டில் அடைத்தனர்! அவன் செய்த குற்றம் என்ன? ஏழு வயதுப் பிள்ளை, ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தது!

எதிர்ப்பே எழவில்லையா? எழுந்தது. அந்நாளில் டேனிஷ் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஐஸ்லாந்தின் மாணவர்கள் எதிர்த்தனர். குழந்தைகளைக் காட்சிப் பொருளாக்கியதற்காக அல்ல. தங்கள் நாட்டைக் கறுப்பரோடும் கிரீன்லாந்து மக்களோடும் ஒரே வரிசையில் வைத்ததற்காக! ஆளப்படுகிறவனும் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறான். இந்த நோயை அறியாதவர்களா நாம்?

கண்காட்சி முடிந்தது. குழந்தைகள் ஊர் திரும்பவில்லை. அனாதை விடுதியில் வளர்ந்தனர். ஆல்பர்ட்டா இளமையிலேயே மறைந்தாள். 1917-இல் அவர்கள் பிறந்த தீவுகளும் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்கப்பட்டன. விற்கலாமா என்று டென்மார்க் மக்களிடம் வாக்கெடுத்தார்கள். விற்கப்பட்ட தீவினருக்கு அந்த வாக்குச்சீட்டு இல்லை!

விக்டர் வளர்ந்தார், கற்றார், நாக்ஸ்கோவ் என்ற ஊரில் பள்ளி ஆசிரியரானார். பாடினார், பாடற்குழுவை நடத்தினார், ஊர் ஊராகச் சென்று தம் கதையைத் தாமே பேசினார், நூலாகவும் எழுதினார். 1985-இல் மறைந்தார்.

டென்மார்க்கில் இசைவாணர்களின் வாழ்வைப் படமாக்கும் வழக்கம் உண்டு. யோன் மோகென்சன் என்ற பாடகரின் வாழ்வு 2018-இல் படமாக வந்தது. அப்படத்தில் கறுப்பர் எத்தனை பேர் என்று தலை எண்ண நான் வரவில்லை. ஒருவர் வாழ்வில் இல்லாத முகங்களை அலங்காரத்துக்காக ஒட்டவைப்பது நீதியாகாது. நான் கேட்பது வேறு: யாருடைய வாழ்வு படத்துக்குரியது என்று முடிவு செய்கிறவர் யார்?

"சரி, விக்டரின் கதையை எடுத்துவிட்டால் போதுமா?" போதாது, தோழர்களே! நான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன். ஆயினும் நாடகம் எழுதிப் பழகியவன். மேடையில் ஒருவனை நிறுத்துவது எளிது. அவனுக்கு வசனம் கொடுப்பதுதான் கடினம். கூண்டுக்கு வெளியே படக்கருவியை நிறுத்தி, உள்ளே அழும் கறுப்புக் குழந்தையைக் காட்டினால், பார்ப்போர் கண்ணீர் வடிப்பர். ஆனால் 1905-இல் காசு கொடுத்து வேடிக்கை பார்த்தவன் நின்ற அதே இடத்திலல்லவா நம்மையும் நிறுத்திவிடுகிறது அந்தப் படம்!

படக்கருவியைக் கூண்டுக்குள் வையுங்கள். கம்பிகளுக்கு அப்பால் தெரியும் தொப்பிகளையும் சிரிப்புகளையும் அந்தப் பிள்ளையின் கண்ணால் காட்டுங்கள். ஆல்பர்ட்டாவை வெறும் நிழலாக்கிவிடாதீர்கள். அவர் எழுதிய நூலிலிருந்து கதையைத் தொடங்குங்கள். கதை எழுதும் மேசையில் அத்தீவு மக்களுக்கும் ஓர் இருக்கை போடுங்கள். கூண்டோடு கதையை முடித்துவிடாதீர்கள்; கூண்டு அவர் வாழ்வில் ஒரு கோடை, ஆசிரியப் பணியும் இசையும் பல பத்தாண்டுகள்.

அந்தப் படத்தின் இறுதிக் காட்சியாக நான் காண விரும்புவது இதுதான்: அன்று கம்பியைப் பிடித்த கை உயர்கிறது, அந்தக் கை அசைவுக்குக் காத்திருந்து பாடற்குழு பாடத் தொடங்குகிறது. அன்று அவரைப் பார்க்க வந்தார்கள்; இன்று அவர் சொல்லக் கேட்கிறார்கள்.

காட்டப்படுவது உரிமையாகாது; தன் கதையைத் தானே சொல்வதே உரிமை. எந்த நாட்டுப் படத்தைப் பார்த்தாலும் இந்த அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள், தோழர்களே!