குட்டையைக் கழுவிவிட்டால் இறால் பிழைக்குமா?

வழக்கமா சர்வர், டேட்டாபேஸ்னு பேசுற நான் இன்னைக்கு இறாலைப் பற்றிப் பேசப் போறேன். காரணம், மூணு வாரத்துக்கு முன்னாடி ராத்திரி பதினொரு மணிக்கு வந்த ஒரு ஃபோன்.

வேதாரண்யம் பக்கம் என் மாமா இரண்டு குட்டையில் வனாமி இறால் வளர்க்கிறார். ஒரு குட்டையில் குஞ்சு விட்டு 28 நாள். "மாப்ள, செக் ட்ரேயில போட்ட தீனி அப்படியே கிடக்குது. ஈரல் வெளுத்துப்போச்சு. குடல் காலி. கடைக்காரர் தீனியில ஆன்டிபயாடிக் கலந்து போடச் சொல்றார். போடலாமா?" என்றார். நான் இறால் டாக்டர் இல்லை. "காலையில சாம்பிள் எடுத்து லேபுக்குக் கொடுங்க மாமா. அதுவரைக்கும் எதையும் போடாதீங்க"ன்னு மட்டும் சொன்னேன். அப்புறம் தூக்கம் வரல. படிக்க உட்கார்ந்தேன்.

அவர் சொன்ன அறிகுறிகளைத் தேடினால் முதலில் வருவது இ.எம்.எஸ். குஞ்சு விட்ட முதல் மாதத்திலேயே கூட்டம் கூட்டமாகச் சாகும் நோய். 2009-ல் சீனா, 2010-ல் வியட்நாம், 2011-ல் மலேசியா, 2012-ல் தாய்லாந்து, 2013-ல் மெக்சிகோ என்று பரவியது. தாய்லாந்தின் இறால் உற்பத்தி இரண்டே வருடத்தில் பாதிக்கும் கீழே போனது.

காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. பூச்சி மருந்தா, தீனியா, வைரஸா? செத்த இறாலின் ஈரல் சிதைந்திருந்தது. ஆனால் நோயின் ஆரம்பத்தில் அந்த ஈரலைப் பார்த்தால் கிருமியே இல்லை. உறைய வைத்த நோயுற்ற இறாலை நல்ல இறாலுக்குக் கொடுத்துப் பார்த்தால், நோயும் தொற்றவில்லை.

2013-ல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழு விடையைக் கண்டுபிடித்தது. அதில் முக்கியமான வேலை செய்தவர் வியட்நாமைச் சேர்ந்த மாணவர் லோக் ட்ரான். கிருமி ஈரலில் இல்லை, வயிற்றில் இருந்தது. அங்கே உட்கார்ந்து நச்சை விடுகிறது, அந்த நச்சு போய் ஈரலை அழிக்கிறது.

அந்தக் கிருமி யார் தெரியுமா? வைப்ரியோ பாராஹீமோலிடிகஸ். கடலோரத் தண்ணீரில் சாதாரணமாக இருக்கிற பாக்டீரியா. அதில் எல்லா ரகமும் இந்த நோயைத் தருவதில்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையம் வைத்திருப்பவைதான் கொல்கின்றன. அதில் சுமார் 70,000 எழுத்து. பாக்டீரியாவின் மொத்த டி.என்.ஏ.வோ 50 லட்சம் எழுத்துக்கு மேல். நம்ம பாஷையில் சொன்னா, ஆப் பழசுதான், ஒரு பிளக்-இன் ஏறியதும் வில்லனாயிடுச்சு. அந்த வளையத்தை வேறு வைப்ரியோக்களுக்கும் காப்பி பண்ணிக் கொடுக்க முடியும். கொடுத்தும் இருக்கிறது.

நம்ம ஊர்ல காவல் இல்லையான்னு கேட்கலாம். இருக்கு. ஈ.சி.ஆர்.ல போனவங்க நீலாங்கரையைத் தாண்டியிருப்பீங்க. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்களைத் தனிமைப்படுத்திச் சோதிக்கும் மையம் அங்கேதான் இருக்கு. அது வாசலில் நடக்கும் சோதனை. வைப்ரியோ ஏற்கெனவே வீட்டுக்குள்ளே, கடல் தண்ணியிலேயே இருக்கு.

"அப்போ குளோரின் போட்டு எல்லாத்தையும் கொன்னுடலாமே"ன்னு எனக்கும் தோணுச்சு. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் இதற்கு நேர் எதிராக வாதிட்டார்கள். குளோரின் எல்லா நுண்ணுயிரையும் கொல்லும். பிறகு தீனி விழுகிறது, இறாலின் கழிவு சேர்கிறது. நிறைய சாப்பாடு, போட்டிக்கு ஆளே இல்லை. அப்படிப்பட்ட காலி இடத்தை முதலில் பிடிப்பது வேகமாகப் பெருகுகிறவன். வைப்ரியோ நல்ல சூழ்நிலையில் பத்து நிமிடத்துக்குள் இரண்டாகும். ஒரு மணி நேரத்தில் ஒன்று அறுபத்துநாலு. மெதுவாக வளரும் நல்ல பாக்டீரியாக்கள் நிறைந்த பழகிய தண்ணீரில் அதுக்கு இந்தச் சுதந்திரம் கிடைக்காது. திலாப்பியா மீன் வளர்த்த பச்சைத் தண்ணீரைச் சில நாடுகளில் இறால் குட்டைக்குப் பயன்படுத்துவதும் இதனால்தான்.

ஆன்டிபயாடிக்? முதல் சிக்கல் ரொம்ப எளிமையானது. நோய் வந்த இறால் சாப்பிடாது. தீனியில் கலந்த மருந்து அதுக்குள்ளே போகவே போகாது, தண்ணியில்தான் கரையும். இரண்டாவது, மருந்துக்கு அடங்காத குணமும் பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவும். மூன்றாவது, ஏற்றுமதி. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு இறாலில் சோதிக்கும் சரக்கின் அளவை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. மருந்து எச்சம்தான் காரணம். ஒருத்தர் போட்ட மருந்துக்கு எல்லாரும் பதில் சொல்லணும்.

மாமாவின் லேப் ரிப்போர்ட் இரண்டு நாளில் வந்தது. பி.சி.ஆர். சோதனையில் அந்த நச்சு மரபணு இல்லை. ஆனால் வைப்ரியோ எண்ணிக்கை அதிகம். தீனியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார்கள். அடியில் தேங்கின சேற்றை வெளியேற்றணும், ராத்திரி ஏரேட்டரை நிறுத்தக் கூடாது, ப்ரோபயாடிக் போடணும். மாமாவுக்கு நம்பிக்கை இல்லை. "மருந்தே போடாம சும்மா உட்காரச் சொல்றியா? வட்டிக்கு வாங்கிப் போட்ட காசு மாப்ள"ன்னார். என்கிட்ட பதில் இல்லை. அவர் நஷ்டத்துக்கு நான் பொறுப்பேற்க முடியாதே. ஆனாலும் அவர் மருந்து போடல.

குட்டையில் பாதிக்கு மேல் போயிடுச்சு. அதை மறைக்க விரும்பல. மீதி தீனி எடுக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கு 49-வது நாள். காலையில் மாமா ஒரு ஃபோட்டோ அனுப்பினார். காலியான செக் ட்ரே. கீழே ஒரே வரி: "சாப்பிட்டுருச்சு."

சாப்பிடுற நமக்கும் ஒரு வார்த்தை. இ.எம்.எஸ். மனுஷனுக்கு வராது. ஆனால் அதே பாக்டீரியாவின் வேறு ரகங்கள் வயிற்றைக் கெடுக்கும். அதனால இறாலை நல்லா வேகவெச்சே சாப்பிடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.