மாமாவோட டீசல் நோட்டு

ஒவ்வொரு குடும்பத்திலும் 'காரா? அவன்கிட்ட கேளு' என்று பேர் வாங்கின ஒரு ஆள் இருப்பார். எங்க வீட்டில் அது நான். சென்னையில் உட்கார்ந்துக்கிட்டு ஊரில் இருக்கிற சித்தப்பா, மாமா எல்லாருக்கும் வண்டி செலக்ட் பண்ணிக் கொடுக்கிறது என் வேலை. நீங்களும் அப்படி ஒரு ஆளா இருந்தா இந்த எபிசோட் உங்களுக்குத்தான். ஏன்னா நான் ஒரு தடவை தப்பாச் சொல்லியிருக்கேன்.

எங்க மாமா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம். தினமும் 12 கிலோமீட்டர் போக, 12 கிலோமீட்டர் வர. 2021-ல ஒரு எஸ்யூவி எடுக்கப் போனார். "மாப்ள, பெட்ரோலா டீசலா?" என்று போனில் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "டீசல்தான் மாமா. இழுவையும் இருக்கும், மைலேஜும் வரும்"னு சொல்லிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழிச்சு அத்தைக்குக் கண் ஆபரேஷன். காலையில் ஏழு மணிக்கு மதுரையில் இருக்கணும். கிருஷ்ணன்கோவில் தாண்டினதும் டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிஞ்சது. கொஞ்ச நேரத்தில் வண்டி நாற்பதைத் தாண்ட மாட்டேங்குது. ரோட்டோரம் நிறுத்தி, அத்தையைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிப் போயிருக்கார். அன்னைக்கு ஆபரேஷன் நடக்கலை, வேற தேதி கொடுத்தாங்க. மாமா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப உறுத்துச்சு.

எந்தக் கம்பெனி வண்டின்னு கேக்காதீங்க. தப்பு வண்டி மேல இல்லை, சொன்ன ஆள் மேல. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததில் இருந்து புது டீசல் கார்களில் புகைக்குழாய்ப் பக்கம் டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கு. கரித்தூளைப் பிடிச்சு வைக்கும். நிறைஞ்சதும் வண்டியே கொஞ்சம் டீசலைக் கூடுதலாத் தெளிச்சு, சுமார் 600 டிகிரி வரை சூடாக்கி அதை எரிச்சுடும். இதுக்கு இன்ஜின் நல்லாச் சூடேறி, கால் மணி நேரமாவது ஒரே சீரா ஓடணும். மாமாவோட ரூட்டில் ரெண்டு பக்கமும் கடைத்தெரு. இன்ஜின் சூடேறி முடிக்கிறதுக்குள்ள ஊர் வந்துடும், சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிடுவார். பாதியில் நின்ன வேலை அப்படியே சேர்ந்து சேர்ந்து ஒருநாள் அடைச்சுக்கும். வண்டி தன்னைக் காப்பாத்திக்க சக்தியைக் குறைச்சுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்கன்னு அவர்கிட்ட கேக்கலை, அவ்வளவுதான்.

2024-ல திரும்பப் போன். "மாப்ள, வயசு அறுபது ஆயிடுச்சு. வாழ்க்கையில ஒரு நல்ல வண்டி ஓட்டிடணும்." திரும்பவும் என்கிட்டயே கேட்டார் பாருங்க, எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

ஆடி ஜிஎல்ஏ, க்யூ3, எக்ஸ்1-னு குழப்பமா மூணு பேர் சொன்னார். ஜிஎல்ஏ பென்ஸுன்னு திருத்தினேன். ஆடி நம்ம நாட்டில் பிஎஸ்6 வந்தப்பவே டீசலை விட்டுட்டாங்க, அதனால க்யூ3 பெட்ரோல் மட்டும்தான். பென்ஸ் ஜிஎல்ஏவில் பெட்ரோல் 1.3 லிட்டர். "பென்ஸுக்கு 1.3-ஆ?"ன்னு மாமாவுக்கு அதிர்ச்சி. கடைசியில் மனசு நின்னது பிஎம்டபிள்யூ எக்ஸ்1 மேல. அதில் ரெண்டு இன்ஜின். பெட்ரோல் 1.5 லிட்டர், 136 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர் இழுவை. டீசல் 2 லிட்டர், 150 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். பேப்பரில் பார்த்தா போட்டியே இல்லை. போதாக்குறைக்கு அந்தப் பெட்ரோல் இன்ஜினுக்கு மூணு சிலிண்டர்.

"அரை கோடி ரூபாய்க்கு மூணு சிலிண்டரா? ஊர்ல சிரிப்பாங்க மாப்ள."

மூணு சிலிண்டர் இன்ஜின் முன்னும் பின்னும் லேசா ஆடும், அது நிஜம். அந்த ஆட்டத்தை அடக்க உள்ளே பேலன்ஸ் ஷாஃப்ட்னு ஒரு தண்டு எதிர்ப்பக்கமாச் சுத்தும். இதே குடும்பத்து 1.5 லிட்டர் இன்ஜினைத்தான் ஐ8 ஸ்போர்ட்ஸ் காரிலும் போட்டாங்க. இதைச் சொல்லியும் மாமா அசையலை. "உங்க முதல் வண்டி மாருதி 800, அதுக்கும் மூணுதான்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த வண்டியில்தான் கல்யாணம் முடிஞ்சு அத்தையைக் கூட்டிட்டு வந்தார்.

அடுத்த சனிக்கிழமை நானே ஊருக்குப் போனேன். மாமாகிட்ட ஒரு நீள நோட்டு இருக்கு. பங்கில் போடுற ஒவ்வொரு தடவையும் தேதி, லிட்டர், மீட்டர் ரீடிங் எழுதுவார். பால்கோவாவும் காபியுமா உட்கார்ந்து மூணு வருஷத்தைக் கூட்டினோம். வருஷத்துக்கு 9,000 கிலோமீட்டர் சொச்சம். மதுரை, குற்றாலம் மாதிரி நீளமான ஓட்டம் மாசத்துக்கு ஒண்ணு, அவ்வளவுதான்.

2023 ஜனவரியில் அந்த வண்டி வந்தப்ப பெட்ரோல் 45.9 லட்சம், டீசல் 47.9 லட்சம். வித்தியாசம் 2 லட்சம். (டீசலோட ஸ்போர்ட் அலங்காரமும் சேர்ந்துதான் வந்தது, அதையும் சொல்லணும்.) தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு வரி 20 சதவீதம், ஆக 2.4 லட்சம். கம்பெனி சொல்றது பெட்ரோலுக்கு 16 சொச்சம், டீசலுக்கு 20 சொச்சம். நம்ம ரோட்டில் 12, 16-னு வெச்சுக்குங்க. அப்போ பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய். கிலோமீட்டருக்கு ரெண்டரை ரூபாய் சொச்சம்தான் மிச்சம். போட்ட காசை எடுக்க 92,000 கிலோமீட்டர் ஓட்டணும். மாமா ஓட்டுற வேகத்துக்குப் பத்து வருஷம்.

கணக்கு பெட்ரோல் பக்கம் சாஞ்சிடுச்சு. ஆனா மதுரையில் ரெண்டையும் ஓட்டிப் பார்த்தப்போ எனக்கே மனசு மாறிச்சு. டீசல் கால் வெச்சதும் பாயுது. மாமா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அந்த நிமிஷம் 'டீசலே எடுங்க மாமா, ஞாயித்துக்கிழமையானா குற்றாலம் வரைக்கும் விரட்டுங்க'ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. நிறையப் பேருக்கு அது சரியான பதில்தான். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் ஹைவேயில் ஓட்டுற ஆளா இருந்தா தாராளமா டீசல் எடுக்கலாம், வடிகட்டியும் தானே சுத்தமாயிடும்.

சொல்லலை. அத்தைதான் பின் சீட்டில் இருந்து கேட்டாங்க, "இதுல அந்த மஞ்ச லைட்டு வராதுல்ல?"

பெட்ரோலை புக் பண்ணினோம். ஆடி முடியட்டும்னு ஆவணியில் டெலிவரி.

கரண்ட் வண்டியை ஏன் பார்க்கலைன்னு கேப்பீங்க. அப்போ எலெக்ட்ரிக் ஐஎக்ஸ்1 இறக்குமதி, 66.9 லட்சம். அஞ்சே மாசத்தில், 2025 ஜனவரியில், சென்னை ஃபேக்டரியிலேயே செஞ்சு 49 லட்சத்துக்கு விட்டாங்க. தினமும் 24 கிலோமீட்டர், வீட்டு வாசலில் சார்ஜ். மாமாவுக்குன்னே அளவெடுத்துத் தெச்ச மாதிரி. இதை நான் அவர்கிட்ட இன்னும் வாய் திறக்கலை. நீங்களும் சொல்லிடாதீங்க.

நோட்டு தொடருது. ஒவ்வொரு டேங்க் முடிஞ்சதும் போன் வருது. போன வாரம்கூட, ஹலோ கூடச் சொல்லாம, "மாப்ள, பதினொண்ணு புள்ளி நாலு." லிட்டருக்கு அவ்வளவுதான் கொடுக்குதாம். நான் சாரி மாமான்னு சொன்னேன். "சாரி எதுக்கு? நாளைக்கு அத்தைய செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறேன். விடியக்காலம் அஞ்சரைக்குக் கிளம்பிருவோம்"னு வெச்சுட்டார்.