பிள்ளையின் உயிரா, வீட்டு மானமா?

(பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போதை ஹராம் என்று சொல்வதற்காக நான் இங்கு வரவில்லை. அது உங்களுக்கும் தெரியும், உங்கள் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு பிள்ளை அதை உட்கொண்டு விட்டான். மூச்சுத் திணறிக் கிடக்கிறான். அந்த நேரத்தில் வாப்பாவும் உம்மாவும் என்ன செய்ய வேண்டும்? நம் மேடைகளில் இதைப் பேசுவது குறைவு. அதனால்தான் பேசுகிறேன்.

'நம் வீட்டில் அப்படி நடக்காது' என்கிறீர்களா? போதை என்றால் சாராயமும் கஞ்சாவும் மட்டும்தான் என்ற காலம் போய்விட்டது. டேபென்டடால் என்பது கடும் வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை. அதைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றும் பழக்கம் தமிழகத்து இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. வாயில் வாடை வராது. நடை தள்ளாடும் வரை வீட்டுக்குத் தெரியாது. அதோடு தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு!

முதல் சில நிமிடங்கள்

தட்டினாலும் கூப்பிட்டாலும் எழவில்லை. மூச்சு மெதுவாக, விட்டு விட்டு வருகிறது. தொண்டையில் கரகரவென்று குறட்டை போலச் சத்தம். உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கிறது. இவை வலி மாத்திரை, அபின், ஹெராயின் வகையின் அளவு மீறிவிட்டது என்பதன் அடையாளங்கள். எல்லா அடையாளமும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உடனே 108க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இருந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலும் அது மூச்சுக் குழலில் இறங்காது. மூச்சு நின்றிருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக் கொண்டு, ஐந்தாறு வினாடிக்கு ஒரு தடவை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். அசைவே இல்லையென்றால் நடு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்தி, இடையிடையே மூச்சும் கொடுங்கள்.

மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 'தூங்கி எழுந்தால் தெளிந்து விடுவான்' என்று கதவைச் சாத்தி விட்டு வராதீர்கள். அந்தத் தூக்கத்திலேயே மூச்சு நின்று விடும்!

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மாத்திரை அட்டை கிடந்தால் கையோடு கொண்டு போங்கள். 'ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை' என்று மறைக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் மூச்சிலிருந்து கழிகிறது. இந்த வகைப் போதைக்கு நலாக்சோன் என்ற முறிப்பு ஊசி இருக்கிறது. போட்டதும் பிள்ளை கண் திறப்பான். ஆனால் போதை தணிவதற்கு முன்பே ஊசியின் வேகம் தணிந்து விடலாம். ஆகவே 'எழுந்து விட்டானே' என்று உடனே வீட்டுக்கு இழுத்து வராதீர்கள்.

போலீஸ் வருமே?

தகவல் போகலாம், விசாரிக்கவும் செய்யலாம். அதற்குப் பயந்து பிள்ளையைக் கபரில் வைப்பீர்களா? 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவர் பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினால், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்குக் கோரலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகை பறிபோகும். பிள்ளை 18 வயதுக்கு உட்பட்டவன் என்றால் சிறார் நீதி வாரியம்தான் விசாரிக்கும். அவனுக்குப் போதைப் பொருள் கொடுத்தவனுக்கோ, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழாண்டு வரை கடுங்காவல் கிடைக்கும். யார் பயப்பட வேண்டும்? நீங்களா, விற்றவனா?

வீடு திரும்பிய பிறகு

மதுவுக்காகத் திரும்பத் திரும்பப் பிடித்து வரப்பட்ட ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் என்பது நாம் அறிந்த செய்தி. மீண்டும் மீண்டும் தவறியவரையே சபிக்கக் கூடாது என்றால், உங்கள் மடியில் வளர்ந்த பிள்ளையை 'நீ செத்திருக்கலாம்' என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை தந்தது?

முதல் நாள் அடிக்காதீர்கள், விசாரணை நடத்தாதீர்கள். உடம்பு தேறட்டும். பிறகு உம்மாவோ வாப்பாவோ தனியாக உட்கார்ந்து கேளுங்கள். தெரியாமல் அளவு கூடியதா, சாக வேண்டும் என்றே விழுங்கினானா? இதைக் கேட்டால் அந்த எண்ணம் வந்து விடும் என்று அஞ்ச வேண்டாம், கேட்பதுதான் பாதுகாப்பு. சாக நினைத்தேன் என்று சொன்னால் அவனைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும், 14446 என்ற எண்ணில் போதை மீட்பு ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

அறையில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தி விடலாம் என்று எண்ணாதீர்கள். தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். இன்னொன்று, கவனமாகக் கேளுங்கள். சில வாரங்கள் நிறுத்தியவனின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி தவறி, பழைய அளவையே ஏற்றினால் அதுவே உயிரைக் குடிக்கும். ஆகவே 'விட்டு விட்டான்' என்ற நிம்மதியில் கண்காணிப்பையும் சிகிச்சையையும் விட்டு விடாதீர்கள்.

தாயத்தும் சங்கிலியும் மருந்தல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் கருகி மாண்டார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. துஆவும் செய்யுங்கள், மருத்துவமும் செய்யுங்கள். நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான்.

ஜமாஅத்துக்கு ஒரு வார்த்தை

ஊர்விலக்கு என்று மிரட்டினால் பெற்றோர் மறைப்பார்கள். மறைத்தால் பிள்ளை சாவான். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரும் சம்பந்தத்தைக் கலைக்கும் புறம் பேச்சை நிறுத்துங்கள். சீட்டில்லாமல் மாத்திரை விற்கும் கடைமீது எழுத்து மூலம் புகார் கொடுங்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு உம்மா கதவைத் தட்டினால், கேள்வி கேட்காமல் வண்டி எடுக்கும் நான்கு இளைஞர்களை ஒவ்வொரு மஹல்லாவிலும் தயார் செய்யுங்கள்.

மானம் போனால் நாளை திரும்பும். உயிர் போனால் திரும்பாது. அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக! வஸ்ஸலாம்.