தோழரை இழந்த பின்னும் தொடர வேண்டிய தஃவாப் பணி





தஃவாப் பணி பெரும்பாலும் தனியொருவரால் நடைபெறுவதில்லை. நமது ஊர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அஹதிய்யா வகுப்பாக இருக்கட்டும், மாலை நேரத்துக் குர்ஆன் மத்ரஸாவாக இருக்கட்டும், வீடு வீடாகச் சென்று தொழுகைக்கு அழைக்கும் பணியாக இருக்கட்டும், அதன் பின்னணியில் இரண்டு மூன்று பேர் தோளோடு தோள் நின்று உழைப்பதைக் காண்பீர்கள். ஒருவர் பேசுவார்; மற்றவர் பிள்ளைகளைத் திரட்டுவார். ஒருவர் நன்கொடை சேர்ப்பார், மற்றவர் கணக்கெழுதுவார். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் உற்சாகமூட்டுவார். இது நபிமார்களின் வழிமுறையாகும். பிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளையிடப்பட்ட வேளையில் மூஸா (அலை) அவர்கள், தமது சகோதரர் ஹாரூனைத் துணையாளராக ஆக்கித் தமது முதுகைப் பலப்படுத்துமாறு அல்லாஹ்விடம் கேட்டதைத் தாஹா அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம்.

இத்தகைய தோழர்களில் ஒருவர் திடீரென மரணிக்கிறார். சுப்ஹுத் தொழுகையில் பக்கத்தில் நின்றவருக்கு அஸருக்குப் பின் ஜனாஸாத் தொழுகை நடைபெறுகிறது. அது ஒரு வீதி விபத்தாக இருக்கலாம், மாரடைப்பாக இருக்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் கரையேறி வந்து சில நிமிடங்களுக்குள் எத்தனை உறவுகளைப் பறித்துச் சென்றது என்பதைக் கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் நன்கறியும்.

மையவாடியிலிருந்து திரும்பிய பின் எஞ்சியிருக்கும் தோழருடைய நிலை என்ன? அவரது கையில் பள்ளிவாசல் அறையின் திறப்பு இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருவார்கள். “அவர் இல்லாமல் என்னால் இயலாது” என்று அவரது உள்ளம் சொல்கிறது. அந்த வேளையில் மார்க்கம் அவருக்கு என்ன கூறுகிறது என்பதையே இன்று நாம் சிந்திக்க இருக்கின்றோம்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்வோம். அழுவது ஈமானின் பலவீனமன்று. நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்றாஹீம் (ரழி) இறுதி மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது நபியவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் வியப்புடன் வினவியபோது, இது இரக்கத்தின் அடையாளம் என்றும், கண் கலங்கினாலும் உள்ளம் துயருற்றாலும் றப்புக்குப் பொருத்தமானதையன்றி நாவு வேறெதையும் மொழியாது என்றும் பெருமானார் விளக்கினார்கள். எனவே தோழரை இழந்த இளைஞனைப் பார்த்து, “நீ ஒரு தாஈ, நீ அழலாமா?” என்று கேட்பது அறியாமையாகும். அவன் அழட்டும். ஆனால் துயரம் அவனை ஆளும் அதிகாரியாகிவிடக் கூடாது.

சகோதர சகோதரிகளே! நபித்துவத்தின் பத்தாம் ஆண்டை, அதாவது கி.பி. 619ஐ, வரலாற்றாசிரியர்கள் துயர ஆண்டு எனக் குறிப்பிடுகின்றனர். பாதுகாவலராக நின்ற பெரிய தந்தை அபூதாலிபும், அன்னை கதீஜா (ரழி) அவர்களும் குறுகிய கால இடைவெளியில் மரணித்தார்கள். கதீஜா நாயகியாரை மனைவி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். முதலாவது வஹீ இறங்கி நபியவர்கள் நடுநடுங்கி வீடு வந்தபோது போர்வையால் போர்த்தி ஆறுதலுரைத்தவர் அவர். முதன்முதலில் ஈமான் கொண்டவர் அவர். தமது செல்வத்தைத் தீனுக்காகச் செலவிட்டு, குறைஷியரின் பகிஷ்காரத்தின்போது பட்டினியையும் பகிர்ந்துகொண்டவர் அவர். அந்த வகையில் தஃவாவின் முதல் தோழரும் அவரே.

அவர்களை இழந்த நபியவர்கள் பணியை நிறுத்திவிட்டார்களா? இல்லை. அதே காலப்பகுதியில் ஸைத் இப்னு ஹாரிஸா (ரழி) அவர்களை அழைத்துக்கொண்டு தாயிஃப் நகருக்குச் சென்றார்கள். அங்கு கிடைத்ததோ கல்லெறியும் ஏளனமும்தான். உஹதுப் போரை விடக் கடினமான நாள் ஏதும் உண்டா என ஆயிஷா (ரழி) அவர்கள் பிற்காலத்தில் வினவியபோது நபியவர்கள் அந்தப் பயணத்தின் வேதனையையே நினைவுகூர்ந்தார்கள். அம்மக்களை அழிக்க மலைகளுக்குப் பொறுப்பான மலக்கு அனுமதி கோரியபோதும், அவர்களின் சந்ததியிலிருந்தாவது அல்லாஹ்வை மட்டும் வணங்குவோர் தோன்றலாம் என்ற நம்பிக்கையையே வெளியிட்டார்கள்.

அதன் பின் நடந்ததைக் கவனியுங்கள். 620ஆம் ஆண்டின் ஹஜ் காலத்தில் யத்ரிப் நகரைச் சேர்ந்த ஆறு பேர் அகபாவில் நபியவர்களைச் சந்தித்தார்கள். 621இல் பன்னிரண்டு பேர் வந்து பைஅத் செய்தார்கள். 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தது. துயர ஆண்டுக்கும் மதீனாவுக்கும் இடையிலிருந்த காலம் ஏறத்தாழ மூன்றே ஆண்டுகள்! தாயிஃபின் பாதையில் அவர்கள் நின்றுவிடவில்லை. அதனால்தான் அகபாவின் வாசல் திறந்தபோது அங்கே இருந்தார்கள்.

இவ்வாறு பணியைத் தொடர்ந்ததனால் கதீஜா நாயகியாரை மறந்துவிட்டார்கள் என்று எவரும் கூற முடியாது. மதீனாவில் ஆடு அறுக்கப்படும்போது அதன் இறைச்சியில் ஒரு பங்கைக் கதீஜாவின் தோழியருக்கு அனுப்பிவைப்பது நபியவர்களின் வழக்கமாக இருந்தது. பணியைத் தொடர்வதும் தோழரை நேசிப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல.

தாயிஃபுக்கு நபியவர்களுடன் சென்ற அதே ஸைத் (ரழி) அவர்களை ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 629இல், முஅத்தா களத்தில் சந்திக்கிறோம். முஅத்தா இன்றைய ஜோர்தான் நாட்டில் அமைந்துள்ளது. மூவாயிரம் வீரர்களை அனுப்பியபோது நபியவர்கள் ஒரு முக்கியமான ஏற்பாட்டைச் செய்தார்கள். ஸைத் தலைமை தாங்குவார்; அவர் ஷஹீதானால் ஜஃபர் இப்னு அபீதாலிப்; அவரும் ஷஹீதானால் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா என வரிசையை முன்கூட்டியே அறிவித்தார்கள். மிகவும் நேசித்த மனிதர்களைப் பற்றியே, அவர்கள் இல்லாமற்போகும் நாளை எண்ணித் திட்டமிட்டார்கள்.

நமது நிறுவனங்களில் இந்த ஸுன்னத் எவ்வளவு தூரம் பேணப்படுகிறது? வங்கிக் கணக்கில் ஒருவரே கையொப்பமிடுகிறார். பாடத்திட்டம் ஒருவரின் மனத்தில் மட்டுமே இருக்கிறது. நன்கொடையாளர்களின் தொலைபேசி இலக்கங்கள் ஒருவரின் கைத்தொலைபேசியில் மட்டுமே இருக்கின்றன. அவர் மரணித்தால் அவரோடு மத்ரஸாவும் மரணித்துவிடுகிறது. நமக்கடுத்து யார் என்பதைத் தீர்மானித்து அவரைப் பயிற்றுவிப்பது தவக்குலுக்கு மாற்றமானதன்று. அது அமானிதத்தைப் பேணுவதாகும்.

முஅத்தாவில் மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஷஹீதானார்கள். அப்போது கொடியை எடுத்தவர் ஸாபித் இப்னு அக்ரம் (ரழி) என்ற நபித்தோழர். தலைவரைத் தெரிவு செய்யுமாறு அவர் மக்களிடம் கூறினார். நீங்களே இருங்கள் என்றார்கள். அவர் அதை ஏற்கவில்லை. மக்கள் காலித் இப்னுல் வலீத் (ரழி) அவர்களைத் தெரிவு செய்தார்கள். காலித் அவர்களோ இஸ்லாத்தைத் தழுவிச் சில மாதங்களே ஆனவர்கள்! ஸாபித் (ரழி) அவர்கள் கொடி விழாமல் எடுத்தார்கள்; தகுதியானவரின் கையில் அது சேர வழிவிட்டார்கள். இன்று ஒரு முன்னோடி மரணித்ததும் அவரது இடத்துக்கு யார் என்பதில் பிணக்குப்பட்டு, பள்ளிவாசலையே இரண்டாக்கிக் கொள்வோர் இந்த நபித்தோழரைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

மதீனாவில் நபியவர்கள் என்ன செய்தார்கள்? களத்திலிருந்து செய்தி கொண்டுவருவோர் வந்து சேருமுன்பே மூவரின் ஷஹாதத்தையும் கண்ணீர் மல்க மக்களுக்கு அறிவித்தார்கள். ஜஃபர் (ரழி) அவர்கள் யார்? ஹபஷாவின் மன்னர் நஜ்ஜாஷியின் அவையில் இஸ்லாத்தை எடுத்துரைத்த மாபெரும் தாஈ. நெடுங்காலம் அங்கு வாழ்ந்து, ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் கைபர் வெற்றியின்போதுதான் வந்து சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டே பிரிந்துவிட்டார்கள்.

ஜஃபரின் வீட்டாருக்கு உணவு தயாரியுங்கள், அவர்களுக்குத் துயரம் நேர்ந்துள்ளது என நபியவர்கள் பணித்தார்கள். மூன்று நாட்கள் துக்கம் அனுஷ்டிக்க அவகாசமளித்து, அதன் பின் அங்கு சென்று, இனி என் சகோதரருக்காக அழ வேண்டாம் எனக் கூறினார்கள். பிள்ளைகளை அழைத்து, முடி மழிப்பவரையும் வரவழைத்து அவர்களின் தலைமுடியை மழிக்கச் செய்தார்கள். பிள்ளைகளின் தாயார் அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்கள் அவர்களின் அநாதை நிலையைக் குறிப்பிட்டபோது, இம்மையிலும் மறுமையிலும் நானே இவர்களின் பொறுப்பாளனாக இருக்க நீர் வறுமையை அஞ்சுகிறீரா என்ற கருத்தில் ஆறுதலளித்தார்கள்.

சகோதரர்களே! நாம் இரங்கல் கூட்டம் நடத்துகிறோம்; நினைவு மலர் வெளியிடுகிறோம். அவரது பிள்ளைக்குப் பாடசாலைச் சப்பாத்து இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? அவரது மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும்போது அந்த வீட்டுக்கு அரிசியும் மருந்தும் எவ்வாறு வருகின்றன என்று யார் விசாரிக்கிறார்கள்? பணியைத் தொடர்வது என்பது மேடையைத் தொடர்வது மட்டுமன்று. அவர் விட்டுச் சென்ற வீட்டைத் தாங்குவதும் அப்பணியின் ஒரு பகுதியே.

அவரது கடன்களும் அவ்வாறே. கடன்பட்ட நிலையில் மரணித்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது அதற்குத் தொழுவிக்க நபியவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரழி) அவர்கள் அக்கடனைத் தாம் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். தோழரின் மறைவுக்குப் பின் செய்ய வேண்டிய முதற் காரியங்களுள் ஒன்று, அவரது கொடுக்கல் வாங்கலை எழுதி, எது அவரது சொந்தப் பணம், எது மத்ரஸாவின் பணம் எனக் குடும்பத்தார் முன்னிலையில் பிரித்து வைப்பதாகும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. இதைச் செய்யாது விட்டால் நாளை அவரது பெயருக்கே களங்கம் ஏற்படலாம்.

இளைஞர்களே! இப்போது உங்களை நோக்கி வருகிறேன். அபூபக்ர் (ரழி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், பொய் நபி முஸைலிமாவுக்கு எதிரான யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனமிட்ட பலர் ஷஹீதானார்கள். குர்ஆனைக் கற்றுக்கொள்ளுமாறு நபியவர்கள் பெயர் குறிப்பிட்ட நால்வருள் ஒருவரான ஸாலிம் (ரழி) அவர்களும் அங்கேயே ஷஹீதானார்கள். இந்த இழப்பு உமர் (ரழி) அவர்களை உலுக்கியது. இன்னும் பல களங்களில் இவ்வாறு நேர்ந்தால் குர்ஆனின் நிலை என்னவாகும் என எண்ணி, அதனை ஒன்றுதிரட்டுமாறு கலீஃபாவிடம் வலியுறுத்தினார்கள். அப்பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டது தெரியுமா? இருபதுகளின் ஆரம்பத்திலிருந்த ஸைத் இப்னு ஸாபித் (ரழி) என்ற இளைஞரிடம்! ஒரு மலையைப் பெயர்க்கச் சொல்லியிருந்தாலும் இதைவிடப் பாரமாக இருந்திராது என்று அவரே கூறினார். ஆயினும் அவர் மறுக்கவில்லை. பேரீச்ச மட்டைகளிலிருந்தும் தட்டையான கற்களிலிருந்தும் மனிதர்களின் உள்ளங்களிலிருந்தும் தேடித் தேடித் திரட்டினார். இன்று நமது கைகளில் தவழும் முஸ்ஹஃபின் வரலாற்றில் அந்த ஹாபிழ்களின் இழப்பும் இந்த இளைஞரின் உழைப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆகவே, “நான் அவரைப்போல் பேசமாட்டேன், அவரைப்போல் கற்றவனல்லன்” என்று கூறி ஒதுங்காதீர்கள். அவரைப்போல் ஆகுமாறு உங்களிடம் எவரும் கேட்கவில்லை. முதல் வாரம் பிள்ளைகளுக்கு ஒரு சிறிய ஸூராவை ஓதிக்கொடுங்கள். இரண்டாவது வாரம் வுழூச் செய்யும் முறையைச் செய்து காட்டுங்கள். அறிந்ததைச் சொல்லுங்கள், அறியாததை ஆலிமிடம் கேட்டுச் சொல்லுங்கள். கதவு திறந்திருப்பதே முதற் தேவையாகும்.

பெற்றோர்களே! தோழனை இழந்து வாடும் மகனிடம், “போதும் மகனே, இனி உன் படிப்பைப் பார்” என்று அன்பினால் கூறிவிடுவீர்கள். அவனுக்குச் சில நாட்கள் ஓய்வு கொடுங்கள்; பக்கத்தில் இருங்கள்; அவன் பேசினால் செவிமடுங்கள். நாட்கள் கடந்தும் அவன் உண்ணாமல், உறங்காமல் ஒடுங்கியிருந்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவம் நாடுவதும் மார்க்கம் அனுமதித்ததே. ஆனால் வாசலை மூடிவிடாதீர்கள். முதல் நாள் அவன் வகுப்புக்குத் திரும்பும்போது வாப்பாவும் உடன் சென்று பின்வரிசையில் அமருங்கள். அது அவனுக்குப் பெரும் பலமாக இருக்கும்.

இறுதியாக, மனிதன் மரணித்ததும் அவனது அமல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மம், பயனளிக்கும் கல்வி, பிரார்த்திக்கும் ஸாலிஹான பிள்ளை ஆகிய மூன்றும் நிற்பதில்லை என நபியவர்கள் நமக்கு அறிவித்துள்ளார்கள். உங்கள் தோழர் தொடங்கிய வகுப்பு பயனளிக்கும் கல்வியாகும். அதில் ஒரு பிள்ளை கற்கும் ஒவ்வொரு எழுத்தின் நன்மையிலும் அவருக்குப் பங்குண்டு என நாம் ஆதரவு வைக்கிறோம். அவ்வாறாயின் அவர் மீதுள்ள நேசத்தின் பெயரால் அந்த வகுப்பை மூடுவது, அவரது வயலுக்குச் செல்லும் வாய்க்காலை நாமே அடைப்பதற்கு ஒப்பாகும். யாருக்காக அவரும் நீங்களும் இப்பணியைத் தொடங்கினீர்களோ அந்த அல்லாஹ் மரணமில்லாதவன். அவன் என்றும் உயிருடன் இருக்கிறான்.

யா அல்லாஹ்! உன் பாதையில் எங்களுடன் நடந்து எங்களை முந்திச் சென்றவர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக! அவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவாயாக! அவர்களின் குடும்பங்களுக்குப் பொறுப்பேற்கும் உள்ளங்களை எங்களுக்குத் தருவாயாக! அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும் தைரியத்தை எங்கள் பிள்ளைகளுக்கு வழங்குவாயாக! ஆமீன்.